ஐஸ் பார்க்காமல் எழுதிய பூச்சியம்

போன மாதம் ஒரு நாள் காலையில் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஸஹ்லா தொலைபேசியில் கோல் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆய்வுகூடத்துக்குத் தொழினுட்ப உத்தியோகத்தராக வந்தவள் அவள்.

“ராத்தா, புது மெஷின் ஒண்டு வந்திரிக்கி. சூட்டையும் குளிரையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். உங்கட அந்த றெஜிபோம் பெட்டி நாலையும் என்ன செய்யிற? வீசட்டா?”

“வீசுங்க மகள். ஐஸ் போட்டு மீன் ஏத்துற வெள்ளை நுரைப்பெட்டிதானே.”

அவள் விடவில்லை. “மீன் பெட்டிக்குள்ள வெச்சா இவ்வளவு வேலையும் செஞ்சீங்க? என்னெண்டு செஞ்சீங்க எண்டு ஒருக்கா எழுதித் தாங்களன். பிள்ளைகள் கேக்குதுகள்.”

செய்முறையை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் அந்தச் செய்முறையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கிழக்கிலங்கையில் மருதமுனை ஊர்க்காரி. பெயர் பரீதா. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய் கழுவத் தொடங்கி, பயிற்சிகள் எடுத்து, பரீட்சைகள் எழுதி, கடைசியில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வந்து நின்றேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்ல விரும்புவது மேகலா மேடம் வந்த பிறகு நடந்ததைத்தான்.

மேடத்தின் ஊர் காரைதீவு. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு விரிவுரையாளராக வந்தவர். என்னை விட நாலைந்து வயது இளையவர். வந்த முதல் நாளே, “நான் உங்களை ராத்தா எண்டு கூப்பிடட்டா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது. கூப்பிடுங்கள் என்றேன். ஆனாலும் நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அவர் அதை மாற்றச் சொல்லவுமில்லை.

அவர் படித்தது பொராமினிபெராக்களை. கடலடிச் சேற்றில் வாழும் தனிக்கல அங்கிகள், ஒரே செல்லால் ஆன உயிர்கள். ஒரு கலம்தான், ஆனாலும் தனக்கென்று ஓடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மணல் பருக்கையை விடப் பெரிதில்லை. ஓட்டிலுள்ள சிறு துளைகளாலும் வாயாலும் மெல்லிய நூல்களை வெளியே விடும். போலிப்பாதம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் கண்டது மேடத்தின் நுணுக்குக்காட்டியில்தான். ஓட்டைச் சுற்றி நூல்கள் வலை மாதிரி விரிந்து கிடந்தன. ஒவ்வொரு நூலுக்குள்ளும் சிறு சிறு பொட்டுகள் ஒரு பக்கம் போக, அதே நூலில் வேறு பொட்டுகள் மற்றப் பக்கம் வந்துகொண்டிருந்தன. கல்முனைச் சந்தியில் பின்னேரம் சைக்கிளும் மோட்டர் சைக்கிளும் போய் வருவது போல. வலையில் ஒட்டிய டயற்றம்களை, அதாவது கடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை, அது மெதுவாக வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டது.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடம் பின்னால் நின்று கேட்டார்.

“என்ன கண்டீங்க ராத்தா?”

“பசியில சாப்பிடுது மேடம்.”

“சாப்பிடுறதைக் கண்டீங்க. பசியைக் கண்டீங்களா?”

இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் ‘கண்டது’ என்றும் வலப்பக்கம் ‘நினைத்தது’ என்றும் எழுதித் தந்தார். நினைத்ததை எழுத வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதில்தான் கண்டிப்பு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை விட்டால் கொப்பியை நம் பக்கம் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். அது சத்தம் போடுவதை விடக் கஷ்டம்.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடல் சூடாகிக்கொண்டு வருகிறது. இந்தச் சின்னஞ்சிறு அங்கிகள் எந்தச் சூடு வரைக்கும் சாப்பிடும்? கடலடியில் விழுகிற பாசியைத் தின்று, புழுவுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் தானே சாப்பாடாகிறவை இவை. இவை சாப்பிடுவதை நிறுத்தினால் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டினி போய்ச் சேரும்.

சேறு எடுக்க ஒலுவில் துறைமுகத்திலிருந்து, அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் மீனவர் ஆதம்பாவாவின் வள்ளத்தில் போவோம். முதல் தடவை அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கயிற்றில் இரும்புக் கவ்வியை இறக்கி, அது அடியில் வாயை மூடிக்கொண்டு சேற்றோடு மேலே வர, மேடம் ஒரு தேக்கரண்டியால் சேற்றின் மேல்தோலை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் கடலில் கொட்டினார்.

“மீனும் இல்ல, நண்டும் இல்ல. இந்தச் சேத்துக்கா என்ட வள்ளத்தைப் புடிச்ச?” என்றார் காக்கா.

“உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க காக்கா,” என்றேன்.

ஒருநாள் அவரை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். “நாப்பது வருசமா இதுகளுக்கு மேலால போயிட்டு வாறன். சொல்லவே இல்லையே,” என்றார். யார் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, எங்கள் வாளிகளுக்கு வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடுவது அவருடைய வேலையாகிவிட்டது.

இனி செய்முறை. ஸஹ்லா, இது உனக்கு.

சேற்றைக் கடல்நீரிலேயே அரிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துவிடும். முதலில் பெரிய கண் அரி, பிறகு சிறிய கண் அரி. சிறிய அரியில் தங்குவதைக் கிண்ணத்தில் போட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, நாலைந்து மயிர் மட்டும் உள்ள தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். வெறும் ஓடும் உயிருள்ளதும் ஒன்று போலவே இருக்கும். உயிருள்ளதில் உள்ளே பச்சையும் மஞ்சளுமாக நிறம் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. செத்த பிறகும் சில நாள் நிறம் இருக்கும். மெல்லிய சேற்றுப் படையில் விட்டு ஒரு நாள் வைத்திரு. உழுத கோடு போட்டு நகர்ந்திருந்தால் அதுதான் உயிர்.

கிண்ணத்துக்கு இருபது. நாலு மீன் பெட்டியிலும் தண்ணீர் ஊற்றி, சூடாக்கும் கருவியும் ஒரு சிறு பம்பும் வைத்து, கிண்ணங்களை மூடி அதில் மிதக்க விட்டோம். இருபத்தாறு பாகை, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. இருபத்தாறுக்கு மட்டும் உறைய வைத்த போத்தல்களை மாற்றி மாற்றிப் போட்டுக் குளிர வைப்போம். பழகுவதற்கு நாள் கொடுத்து, பிறகு எண்ணி அளந்த டயற்றம் துளியை விட்டு, ஆறு மணித்தியாலம் கழித்துப் பார்ப்போம். எத்தனை பேர் வலை விரித்திருக்கிறார்கள், எத்தனை பேரின் வாயடியில் சாப்பாட்டு உருண்டை இருக்கிறது, போட்ட சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம். ஒரு கிண்ணத்துக்கு மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் வெளியே வைத்தால் அறையின் சூட்டுக்கு வந்துவிடும்.

எண்ணுவது நான். எந்தக் கிண்ணம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியக்கூடாது. கிண்ணத்துக்கு எழுத்து ஒட்டித் தருவது றிஸ்வான். கல்முனைக்குடிப் பிள்ளை, முதுமாணிப் பட்டத்துக்கு மேடத்தின் கீழ் ஆய்வு செய்தவர். கெட்டிக்காரர், ஒரு இடத்தில் இருக்கமாட்டார், நிறையக் கதைப்பார். அவருடைய உம்மாவும் மூத்த சகோதரியும் வேலைக்குப் போவதால் தானே சோறாக்கி எனக்கும் ஒரு பார்சல் கொண்டு வருவார்.

கடைசியாக வெப்பமானி. பரிசோதனையின் ஒரு சுற்றுத் தொடங்க முன்னும் முடிந்த பின்னும் ஒவ்வொரு வெப்பமானியும் சரியாகக் காட்டுகிறதா என்று ஐஸில் பார்க்க வேண்டும். வடித்த நீரில் செய்த ஐஸை நொறுக்கி, கொஞ்சம் வடித்த நீர் விட்டுக் கூழாக்கி, கலக்கி, பொறுத்திருந்து, கண்ணாடியில் முட்டாமல் பிடித்து மூன்று தடவை வாசிக்க வேண்டும். மீன்காரரின் ஐஸ் சரிவராது. உப்புப் பட்டிருந்தால் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். மூன்று தடவையும் பூச்சியம் காட்டினால் கொப்பியில் பூச்சியம் என்று எழுதி ஒப்பமிடு.

அந்த ஒப்பத்தைத்தான் நான் பொய்யாகப் போட்டேன்.

நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் அது. தடித்த றெஜிபோம் சூட்டைப் பிடித்து வைத்தது. கரண்ட் போனதும் வெந்நீர்ப் போத்தல்களைக் கொண்டு ஓடுவோம். புதிய சுற்றுத் தொடங்குகிற அன்று, மூன்றாம் பெட்டியின், அதாவது முப்பத்திரண்டு பாகைப் பெட்டியின் கண்ணாடி வெப்பமானி என் கையில் உடைந்தது. அலுமாரியில் வயர் முனையோடு இலக்கம் காட்டும் புது வெப்பமானி ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். பெட்டியின் சூடாக்கியை அந்த வெப்பமானியைப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும். முதலில் ஐஸில் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் தட்டு முழுக்கத் தண்ணீர். அந்த நேரத்தில் மருமகன் கோல் எடுத்து, மகளைப் பேறுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

புதுச் சாமான்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல், பக்கம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று பூச்சியம் என எழுதி ஒப்பமும் போட்டுவிட்டுப் போனேன்.

மகளுக்குப் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது ஐஸும் இருந்தது, நேரமும் இருந்தது. எனக்குத்தான் ஞாபகம் இல்லை. ஆகவே மகளின் பேறை ஒரு காரணமாக நான் சொல்லமாட்டேன்.

அந்தச் சுற்று மூன்று மாதம் ஓடியது. முடிவு அழகாக வந்தது. இருபத்தாறை விட இருபத்தொன்பதில் கூடச் சாப்பிட்டன. முப்பத்திரண்டில் அதை விடக் கூட. முப்பத்தைந்தில் வலையே இல்லை. முப்பத்திரண்டு பாகை கூட இவற்றுக்குப் பிரச்சினை இல்லை என்று றிஸ்வான் எழுதத் தொடங்கினார். வெயில் உச்சமான மாதங்களில் எங்கள் கடலடி அந்தச் சூட்டுக்கு அருகில் வந்து போவதை வள்ளத்தில் நாங்களே அளந்திருந்தோம். ஆகவே அது நல்ல செய்தி. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அவருக்கு ஓர் இடமும் கிடைத்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் போகலாம்.

ஆய்வேடு கொடுக்க மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், இருக்கும்போது, தள்ளிப்போய்க்கொண்டிருந்த கடைசி ஐஸ் பார்வையைச் செய்தேன். மூன்று கண்ணாடி வெப்பமானியும் பூச்சியம். நாலாவது, வயர் வெப்பமானி, இரண்டு காட்டியது.

ஐஸை மாற்றினேன். இன்னும் நொறுக்கினேன். இரண்டு. கலக்கிவிட்டுப் பொறுத்திருந்தேன். இரண்டு. வெந்நீரிலும் கண்ணாடி வெப்பமானிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு கூட. பெட்டி முப்பத்திரண்டு என்று காட்டிய நேரமெல்லாம் உள்ளே முப்பதுதான் இருந்திருக்கலாம். கொப்பியைத் திருப்பினேன். என் கையெழுத்தில் பூச்சியம். பக்கத்தில் என் ஒப்பம்.

எனக்குத் தப்ப வழி இருந்தது. சுற்று முடிந்து பெட்டிகளைக் கழற்றிய அன்று அந்த வெப்பமானி மேசையிலிருந்து கீழே விழுந்தது. றிஸ்வானும் கண்டவர். விழுந்ததில் பழுதாகியிருக்கும் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். தொடக்கத்தில் பூச்சியம் என்று கொப்பியே சாட்சி சொல்லும். மூன்று கிழமையில் பிள்ளை வெளிநாடு போவார். யாருக்கும் ஒன்றும் நடக்காது.

லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகையைத் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழும்பவில்லை. பிள்ளைக்காகத்தான் மறைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்தப் பொய்யை அந்த இடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. நான் மறைக்கப் பார்த்தது என்னை.

மேடம் அறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொப்பியையும் வெப்பமானியையும் மேசையில் வைத்தேன்.

“மேடம், இது ரெண்டு பாகை கூடக் காட்டுது.”

“விழுந்த வெப்பமானிதானே? அப்ப விழுந்ததில...”

“இல்ல மேடம். விழ முந்தி எப்படி இருந்த எண்டு எனக்குத் தெரியாது. நான் ஐஸ் பார்க்கல்ல. பார்க்காம எழுதின.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். கையை நீட்டி அந்தப் பூச்சியத்தில் ஒரு விரலை வைத்தார். சோறு பட்ட விரல் என்று ஞாபகம் வந்து உடனே எடுத்துக்கொண்டார். எழும்பிப் போய்க் கை கழுவினார். வழக்கத்தை விடக் கன நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து, “முதல்ல ஐஸைப் பார்ப்பம்,” என்றார்.

இரண்டு பேருமாகப் பார்த்தோம். அவர் வாசித்தார், நான் எழுதினேன். பிறகு நான் வாசித்தேன், அவர் எழுதினார். ஆறு தடவையும் இரண்டு. நான் பேனாவால் பழைய பூச்சியத்தை வெட்டப் போனேன்.

“வெட்டாதீங்க ராத்தா. அதுக்கு மேலால எழுதவும் வேணாம். அது அப்பிடியே கிடக்கட்டும். பக்கத்தில இண்டைய திகதியைப் போட்டு நடந்ததை எழுதுங்க.”

“எந்தப் பக்கத்தில எழுத? கண்டதிலயா, நினைச்சதிலயா?”

அவர் யோசித்தார். “கண்டதில. உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச விசயம்தானே.”

‘இந்த வெப்பமானியை ஐஸில் பார்க்காமல் பூச்சியம் என எழுதினேன்’ என்று எழுதி, என் பெயரை முழுதாக எழுதினேன். அதன் கீழே மேடம், ‘சுற்றுத் தொடங்க முன் நான் இந்தப் பக்கத்தைச் சரிபார்க்கவில்லை’ என்று எழுதித் தன் பெயரையும் போட்டார்.

“மேடம், இது என்ட பிழை. உங்கட பேர் என்னத்துக்கு?”

“உங்கட பிழையில என்ட பேரைப் போடல்ல. என்ட பிழையிலதான் போட்ட.”

பிறகு சொன்னார்: “றிஸ்வானுக்கு நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்தில நிற்கிறன்.”

றிஸ்வான் நூலகத்திலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு மேடத்தைப் பார்த்து, “மூண்டாம் பெட்டி முழுக்க?” என்று கேட்டார். ஓம் என்று ஒப்புக்கொண்டார் மேடம்.

“முப்பது எண்டு மாத்தி எழுதினா?”

“முப்பது எண்டு நம்மளுக்கு என்னெண்டு தெரியும்? எப்ப இருந்து ரெண்டு பாகை கூடக் காட்டுது எண்டு தெரியாதே. ஒரு நாளையில ஒரு பாகை, மத்த நாள் ரெண்டு பாகை எண்டும் இருந்திருக்கலாம்.”

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “ராத்தா, நான் உங்கட இலக்கத்தை நம்பித்தானே எழுதின. ஒரு நாள் கூடத் திருப்பிப் பார்க்கல்லையே.”

“என்ட பிழைதான்,” என்றேன்.

அவருக்குக் கிடைத்த அந்த இடம் அந்த வருடம் கைவிட்டுப் போனது. மேடம் நிர்வாகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அது வரத்தான் வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. அடுத்த நாள் காலையைப் பற்றி.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சுற்றைத் திரும்பத் தொடங்குவது பற்றிக் கதைத்தோம். யார் சேறு எடுப்பது, யார் அரிப்பது என்று மேடம் எழுதிக்கொண்டு வந்தார். வெப்பமானி வந்ததும் றிஸ்வான் கேட்டார், “ஐஸ் ஆர் பார்க்கிற?”

“ராத்தா,” என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமல்.

“திரும்பவுமா?”

“ஓம்.”

அவ்வளவுதான். ஒரு காரணமும் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகள், பாராட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அந்த ‘ஓம்’ என்ற சொல்லுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அவை எதற்கும் இல்லை.

ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடிக் கிடந்த நாட்கள் அவை. ஆதம்பாவா காக்கா கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளி எங்களைக் கொண்டு போனார். புதுச் சேறு, சேற்றுக்குள் புது ஆக்கள். றிஸ்வான் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். என்னோடு வேலைக்குத் தேவையான சொல் மட்டும். “கிண்ணம்.” “முடிஞ்சா?” “அடுத்தது.” சோற்றுப் பார்சல் வரவில்லை.

நான் ஐஸ் பார்த்து எழுதிவிட்டு அறையை விட்டுப் போனதும், அவர் இன்னொரு வெப்பமானியை எடுத்து எனக்குப் பின்னால் எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பது எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடியில் ஒருநாள் கண்டேன். முதலில் முகம் சுட்டது. பிறகு, பார்க்கத்தானே வேண்டும் என்று பட்டது. அடுத்த தடவையிலிருந்து ஐஸைக் கொட்டாமல், அவருக்கும் போதுமான அளவு நொறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் செய்ய வேண்டியதை ஒவ்வொரு திங்களும் செய்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து பார்த்தால், வைத்த ஐஸ் வைத்தபடியே உருகிக் கிடந்தது. அடுத்த திங்களும் அப்படியே. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

இந்த முறை மூன்றாம் பெட்டி உண்மையான முப்பத்திரண்டு. எந்தக் கிண்ணம் எதுவென்று தெரியாமல்தான் எண்ணினேன், ஆனாலும் சில கிண்ணங்களை இரண்டு தடவை எண்ணினேன். வலை இல்லை. போட்ட சாப்பாடு போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு அங்கியும் நூல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக் கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் அரைகுறையாக நூல் விட்டிருந்தன. எந்த எழுத்து எந்தப் பெட்டி என்று றிஸ்வானின் பட்டியலில் பார்த்தபோது அந்தக் கிண்ணங்களில் பாதி முப்பத்தைந்து பாகைப் பெட்டி, அது எதிர்பார்த்ததுதான். மற்றப் பாதி மூன்றாம் பெட்டி. எது பிரச்சினை இல்லை என்று நாங்கள் எழுதவிருந்தோமோ, அந்தச் சூட்டில்தான் அவை சாப்பாட்டை நிறுத்தின.

“செத்துட்டுதா?” என்று றிஸ்வான் மேடத்தைக் கேட்டார்.

“தெரியாது. கேட்டுப் பார்ப்பம்,” என்றார் மேடம்.

கேட்பது என்றால், மூன்றாம் பெட்டிக் கிண்ணங்களில் பாதியை இருபத்தொன்பது பாகைப் பெட்டிக்கு மாற்றி, புதுச் சாப்பாடு போட்டுக் காத்திருப்பது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான் பார்த்த முதல் கிண்ணத்தில் ஒரு அங்கி ஒரேயொரு நூலை வெளியே விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்று. பத்து மணிக்கெல்லாம் பாதிப் பேர் வலை விரித்துவிட்டார்கள். மாற்றாமல் முப்பத்திரண்டிலேயே விட்ட கிண்ணங்களில் இருந்தவை மூடியபடியே கிடந்தன.

சேறு எடுக்க அடுத்த தடவை போனபோது இதை ஆதம்பாவா காக்காவுக்குச் சொன்னேன். “அப்ப அதுகள் மௌத்தாகல்ல, உசிர் இரிக்கி. நோன்பு புடிச்சிரிக்கிதுகள்,” என்றார் காக்கா. “எத்தின நாளைக்குப் புடிக்க ஏலும்?”

மேடம் சட்டென்று திரும்பினார். “றிஸ்வான், அதை எழுதுங்க. அதுதான் அடுத்த கேள்வி.”

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தக் கேள்வியில் பிறந்தது. சாப்பாட்டை நிறுத்துகிற சூடு வேறு, சாகிற சூடு வேறு. நடுவில் ஒரு காலம் இருக்கிறது. சூடு இறங்கினால் அவை மீண்டு வரும், இறங்காவிட்டால் நாள் போகப்போகக் குறையும். உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிக் கணக்கெடுத்தால் மட்டும் போதாது, சாப்பிடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய சுற்றை அப்படியே கொடுத்திருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்காக என் பிழை நல்லதாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் என்னால்தான் போனது.

வாய்மொழிப் பரீட்சையில் ஆய்வுகூட உத்தியோகத்தர்களும் உட்காரலாம். நான் பின் வரிசையில் இருந்தேன். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் வயதானவர், கண்டிப்பானவர். ஆய்வேட்டின் பின்னிணைப்பில், கொப்பியின் அந்தப் பக்கம், வெட்டாத பூச்சியமும் அதற்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேரின் எழுத்தும் அப்படியே இருந்தன. அதை விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

“முதல் சுற்றில் உங்கள் வெப்பமானி பிழை. பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாம் சுற்றின் முப்பத்திரண்டு உண்மையான முப்பத்திரண்டு என்று நான் எப்படி நம்புவது? இரண்டாம் சுற்றில் பார்த்தது யார்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். றிஸ்வான் ஐஸ் பார்த்த முறையை விளக்கினார். ஒவ்வொரு திங்களும் எடுத்த வாசிப்புகளைக் காட்டினார். முதல் ஐந்து கிழமை தான் தனியாகத் திரும்பப் பார்த்த வாசிப்புகளையும் காட்டினார். அவர் அவற்றை எழுதி வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“ஐந்து கிழமைக்குப் பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?” என்றார் பரீட்சகர்.

“தேவைப்படவில்லை சேர். முதல் சுற்றில் அந்தப் பூச்சியத்தை எழுதியவரும் இரண்டாம் சுற்றில் பார்த்தவரும் ஒரே ஆள்தான்.” எழுத்துத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்தது. “அந்தப் பூச்சியம் பொய் எண்டு அவ சொல்லியிராட்டி ஆருக்கும் தெரிஞ்சிராது சேர். அவவே வந்து சொன்னவ. அதுக்குப் பிறகு அவ எழுதின எந்த இலக்கத்தையும் நான் சந்தேகப்படத் தேவையில்ல.”

பரீட்சகர் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். தலையை ஆட்டினார். தாளைப் புரட்டி, டயற்றம்களை எந்த வெளிச்சத்தில் வளர்த்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

மேடம் முன் வரிசையில் இருந்து திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்தில் வேறு யாருக்கும் அது ஒரு பெரிய விசயமாகப் பட்டிருக்காது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். திரும்பப் போட்டபோதும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மெதுவாக எழும்பி வெளியே போய், பின்னேரத் தொழுகையான அஸருக்கு இன்னும் நேரம் இருந்தும், தொழுகைக்குப் போல வுழூச் செய்து முகமும் கையும் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.